நகல் இருக்கிறது, எழுந்து நிற்குமா?

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. புரட்டாசியின் கடைசிச் சனி. மகாளய அமாவாசையும் அன்றுதான். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு ஆண்டிலேயே கூட்டம் நெரியும் நாள்களில் ஒன்று. தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம். பிற்பகல் 2.54 மணிக்கு டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் மின்வழிச் சேவைகளும் தடுமாறத் தொடங்கின. பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை மட்டும் நம்பித் தேக்காவுக்கு வந்தவர்கள் காய்கறிக் கடை முன்னால் விழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். மறுநாள் விடியற்காலை 4.47 வரை அந்தத் தடை நீடித்தது. ஏறத்தாழ 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. வங்கிச் செயலிக்குள் நுழையச் செய்த முயற்சிகளில் 8,10,000 வரை தோற்றன.

காரணம் வங்கிகளின் மென்பொருள் அல்ல. இரு வங்கிகளும் இடம் எடுத்திருந்த ஈக்வினிக்ஸ் தரவு மையத்தில், திட்டமிட்ட மேம்பாட்டு வேலை ஒன்றின் நடுவே, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான சமிக்ஞை அனுப்பிவிட்டார். வெப்பம் ஏறியது, இயந்திரங்கள் சுருண்டன. இதுவரை கேட்டால் விபத்து என்று விட்டுவிடலாம். நவம்பர் 6 அன்று நாடாளுமன்றத்தில் துணை அமைச்சர் ஆல்வின் டான் சொன்ன அடுத்த பகுதிதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. இரண்டு வங்கிகளுக்கும் வேறிடத்தில் மாற்று மையம் இருந்தது. இரண்டும் உடனே அதற்கு மாற முயன்றன. இரண்டாலும் முழுமையாக மாற முடியவில்லை. டிபிஎஸ்ஸுக்கு வலையமைப்பு அமைவில் பிழை; சிட்டிபேங்கிற்கு இணைப்புக் கோளாறு.

நகல் இருந்தது. எழுந்து நிற்கவில்லை.

பெரிய வங்கியின் கதையை ஏன் இரண்டே சர்வர் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தோடு சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கலாம். அளவுதான் வேறு, நோய் ஒன்று. மாதாமாதம் சர்வருக்கு அப்டேட் போடுகிறோம். போட்ட பிறகு மெய்நிகர் கணினிகளின், அதாவது விஎம்களின், நகலாக்கம் நின்றுபோகிறது, அல்லது நிற்காமலே பழுதாகிப்போகிறது. கணினி அறையில் இருப்பவர்கள் இதை "ரெப்ளிகா அடிவாங்கிருச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷம். இவற்றைப் பிரித்தறியாமல் பொத்தானை அமுக்குவதால்தான் சிறு தலைவலி பெருங்காய்ச்சல் ஆகிறது.

முதலில் வேலை நடக்கும் விதம். மைக்ரோசாஃப்ட் 2012 சர்வர் பதிப்போடு தந்த ஹைப்பர்-வி ரெப்ளிகாவை எடுத்துக்கொள்வோம். சிறு நிறுவனங்கள் கூடுதல் செலவில்லாமல் பயன்படுத்துவது அதுதான். தொடக்கத்தில் விஎம்மின் வட்டு முழுவதும் ஒருமுறை அக்கரைக்கு, அதாவது நகல் சர்வருக்கு, போகும். அதன்பின் மூல விஎம்மில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவுக் கோப்பில் சேரும். 30 நொடிக்கு ஒருமுறை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று நாம் வைத்த கெடுப்படி அந்தக் கோப்பு அக்கரைக்கு அனுப்பப்பட்டு நகல் வட்டின்மேல் ஏற்றப்படும். நகல் விஎம் அணைந்தே கிடக்கும். தேவை வரும்போது யாராவது எழுப்ப வேண்டும். அணைந்து கிடப்பதுதான் அதன் பலவீனமும். ஓடாத இயந்திரம் முனகாது. அதற்கு என்ன நோய் என்று எழுப்பிப் பார்க்காமல் தெரியாது.

இதில் அப்டேட் எங்கே கை வைக்கிறது?

பெரும்பாலும் தரவில் அல்ல, நம்பிக்கையில். நான்கில் முதல் வகை இது. அக்கரை சர்வர், "நீ யார்?" என்று கேட்கும். ஒரே டொமைனுக்குள் இருந்தால் கெர்பரோஸ் வழியாகவும், வெவ்வேறு இடமென்றால் சான்றிதழ் வழியாகவும் இக்கரை தன்னை நிரூபிக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட்கள் இறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். 2022 நவம்பர் 8 அன்று வந்த அப்டேட், உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்களில் ஏறியதும் உலகெங்கும் பல நிறுவனங்களில் கெர்பரோஸ் உள்நுழைவு தோற்றது. நவம்பர் 17 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. நகலாக்கம் பார்ப்பவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. மூல சர்வர் மாறவில்லை, நகல் சர்வரும் மாறவில்லை. இரண்டுக்கும் சாட்சி சொல்லும் மூன்றாவது ஆள் மாறிவிட்டார். இக்கரையையும் அக்கரையையும் நாள் முழுக்கத் துருவினாலும் பிழை அகப்படாது. அதே ஆண்டு அக்டோபர் அப்டேட் சில இடங்களில் டிஎல்எஸ் கைகுலுக்கலையே முறித்தது. அதற்கும் ஒரு வாரத்துக்குள் அவசரத் திருத்தம் வந்தது. 2018 மே மாதம் கிரெட்எஸ்எஸ்பி என்னும் நெறிமுறையை இறுக்கியபோது, அப்டேட் போட்ட பக்கம் போடாத பக்கத்தோடு பேச மறுத்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து சரிசெய்யலாம் என்று போனவர்களுக்குக் கதவே திறக்கவில்லை.

இன்னொரு வகை நம்பிக்கைக் குலைவும் உண்டு; பழியை அப்டேட் சுமக்கும், வேலையைச் செய்தது ரீபூட். சர்வர் மறுபடி எழும்போது டொமைன் கன்ட்ரோலரை உடனே எட்ட முடியாவிட்டால், விண்டோஸ் தான் இருக்கும் வலையைப் பொதுவெளி என்று எண்ணிக்கொள்ளும். டொமைனுக்கென்று திறந்து வைத்த ஃபயர்வால் வாசல் மூடிக்கொள்ளும். டொமைன் கன்ட்ரோலரே அந்தச் சர்வருக்குள் ஓடும் விஎம்மாக இருந்தால் கேட்கவே வேண்டாம். முட்டையும் கோழியும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். கடிகாரம் பிசகினாலும் இதே கதி. கெர்பரோஸ் வழக்கமாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம். ஆறு மாதத்துக்கு முன் யாரோ மாற்றி, ரீபூட் ஆகாததால் நடைமுறைக்கு வராமல் கிடந்த அமைவுகளும் இந்தச் சமயம் பார்த்து விழித்துக்கொள்ளும். ஆகவே "என்ன அப்டேட் போட்டாய்?" என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. "கடைசியாக எப்போது ரீபூட் செய்தாய், அதற்கு நடுவில் என்னென்ன மாறின?" என்பது அதைவிட நல்ல கேள்வி. என் பார்வையில் பாதி வழக்குகள் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் காலக்கணக்கு இன்னொரு குழப்பத்தைச் சேர்க்கிறது. மைக்ரோசாஃப்டின் மாதாந்தர அப்டேட் அமெரிக்க மேற்குக் கரையில் இரண்டாம் செவ்வாய் காலை 10 மணிக்கு வருகிறது. நமக்கு அது புதன் விடியல் 1 மணி; அங்கே குளிர்காலம் என்றால் 2 மணி. பல அலுவலகங்கள் அதை இறக்கி வைத்துவிட்டு வார இறுதியில் போடுகின்றன. திங்கள் காலை சிவப்பு விளக்கு எரியும்போது, புதனன்று தானாக அப்டேட் ஏறிய ஒரு சர்வரையும், ஞாயிறு கையால் ஏற்றிய இன்னொன்றையும், இன்னும் எதுவுமே ஏறாத மூன்றாவதையும் ஒன்றாக வைத்துக்கொண்டு குழம்புவோம். இக்கரையும் அக்கரையும் ஒரே அப்டேட் நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் பத்து நிமிட வேலை. பலர் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வகை, மாற்றங்களின் பதிவேடு கெட்டுப்போவது. மூல சர்வர் எதிர்பாராமல் அணைந்தாலோ, பதிவுக் கோப்பு இருக்கும் வட்டு நிரம்பினாலோ, காப்புப்பிரதி மென்பொருள் குறுக்கே வந்தாலோ, எது அனுப்பப்பட்டது, எது பாக்கி என்ற கணக்குக் குலையும். உடனே சர்வர் மறு ஒத்திசைவு வேண்டும் என்று கேட்கும். அதாவது இரண்டு வட்டுகளையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது. ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் ஏட்டுக்கு ஏடு வைத்துப் பாடபேதம் பார்த்த வேலைதான். முடியும், ஆனால் மூச்சு வாங்கும். இந்தப் பதிவேட்டிலேயே உற்பத்தியாளரின் பிழை இருந்த வரலாறும் உண்டு. இன்னொரு மெய்நிகராக்க மென்பொருளான விஎம்வேரின் வட்டுகளை 128 ஜிபியைத் தாண்டிப் பெரிதாக்கினால் மாற்றக் கணக்கு தவறாக வரும் குறை 2014இல் வெளிப்பட்டது. அதை நம்பி எடுத்த காப்புப்பிரதிகள் பச்சை விளக்கோடு முடிந்தன, மீட்கப்போனால் ஓட்டை.

மூன்றாவது வகையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். நகலாக்கம் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஆனால் அது பிழையையும் சேர்த்தே நகலெடுக்கும். 2023 பிப்ரவரி 14 அப்டேட்டைப் போட்ட விண்டோஸ் சர்வர் 2022 விஎம்கள், விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில், செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அடுத்த ரீபூட்டில் எழவில்லை. விஎம்வேர் ஒரு வாரத்தில் திருத்தம் தந்தது. நடுவில் இருந்த அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். மூல விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வட்டு நொடிக்கு நொடி அக்கரைக்குப் போகிறது, எங்கும் பச்சை. மூலம் விழுந்து நகலை எழுப்பினால் அதுவும் எழாது. ஏடெழுதுபவர் மூல ஏட்டின் தவற்றையும் எழுத்துப் பிசகாமல் பிரதி செய்தது போல.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமையும் இதே பாடம்தான், பெரிய எழுத்தில். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு சிங்கப்பூர் நேரம் நண்பகல் 12.09க்கு வெளியானது, 1.27க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடத்தில் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் பயணிகளைப் பதிவு செய்தன. 30 நொடிக்கு ஒருமுறை நகலெடுத்தவரின் நகலிலும் அந்தக் கோப்பு அரை நிமிடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். விரைவான நகல், விரைவான தொற்று. ஆனால் ஹைப்பர்-வி ரெப்ளிகாவில் மணிக்கொரு மீட்புப் புள்ளி என்று 24 வரை வைத்துக்கொள்ள வசதி உண்டு. அதை இயக்கி வைத்தவரால் நகலை 12 மணி நிலைக்கோ 11 மணி நிலைக்கோ எழுப்ப முடியும். வட்டில் இடம் பிடிக்கிறது என்று அந்த எண்ணைச் சுழியமாக வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

நான்காவது வகை, நகல் நல்லது, எழவும் எழும், ஆனால் ஊரோடு ஒட்டாது. அக்கரையில் வலை எண் வேறு, மெய்நிகர் ஸ்விட்சின் பெயர் வேறு, டிஎன்எஸ் இன்னும் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். சர்வர் மேம்பாட்டின்போது ஸ்விட்சை அழித்துப் புதிதாக உருவாக்கியிருந்தால் நகல் விஎம்மின் வலை அட்டை எதோடும் சேராமல் தொங்கும். 2022 டிசம்பர் அப்டேட் ஒன்று, மென்பொருள்வழி வலையமைப்போடு எஸ்சிவிஎம்எம் என்னும் நிர்வாகக் கருவி வழியாக நடத்தப்பட்ட ஹைப்பர்-வி சர்வர்களில் புதிய வலை அட்டை கொண்ட விஎம்களை உருவாக்கவே விடவில்லை. டிபிஎஸ்ஸின் வலையமைப்புப் பிழை இந்த ரகமா என்று நான் சொல்ல வரவில்லை. பொதுவெளியில் வந்த விளக்கம் அந்த ஒரு சொற்றொடரோடு நிற்கிறது. ஆனால் இரண்டு வங்கிகளும் சறுக்கியது தரவை நகலெடுப்பதில் என்று அந்த விளக்கம் சொல்லவில்லை என்பது கவனிக்கத் தக்கது. மாறிச் செல்லும் பாதையில்தான் சறுக்கின.

பதிப்பு மேம்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு விஎம்முக்கும் ஓர் அமைவுப் பதிப்பு எண் உண்டு: சர்வர் 2016க்கு 8.0, 2019க்கு 9.0, 2022க்கு 10.0. பழைய சர்வர் புதிய எண்ணைப் புரிந்துகொள்ளாது; ஏற்றிய எண்ணை இறக்கவும் முடியாது. ஆகவே முதலில் நகல் பக்கத்தை மேம்படுத்து, பிறகு மூலத்தை. ஓடுகிற சர்வர்தானே முக்கியம் என்று மூலத்தில் தொடங்குபவர் தன் கையாலேயே பாலத்தை அறுக்கிறார்.

இந்தத் தீவின் பூகோளம் நகலாக்கத்துக்குச் சாதகமானது. கிழக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒளியிழையில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி என்று வைத்தால் சாங்கியிலிருந்து ஜூரோங் போய்த் திரும்ப அரை மில்லிநொடி. வங்கிகள் இரண்டு மையங்களிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறையைக் கையாள இது போதும். பாதகமும் அதுவே: எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் குடித்தன. 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய மையங்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 ஜூலையில் நான்கு தரப்புகளுக்குச் சேர்த்து 80 மெகாவாட் மட்டுமே ஒதுக்கினார்கள். எனவே போட்டி வங்கிகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது விநோதமல்ல.

பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது. 2010 ஜூலை 5, திங்கள். அதிகாலை 3 மணி முதல் காலை 10 மணி வரை டிபிஎஸ், பிஓஎஸ்பி ஏடிஎம்கள் இறந்து கிடந்தன. சேமிப்புக் கருவியோடு தொடர்புடைய ஓர் உறுப்பை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. வங்கியின் கணினிகளை நடத்திய ஐபிஎம் ஊழியர்களின் நடைமுறைத் தவறு. அடுக்கடுக்கான மாற்று ஏற்பாடுகள் இருந்தும் கைகொடுக்கவில்லை. அந்தத் தடைக்காகச் சிங்கப்பூர் நாணய ஆணையம் சுமார் 230 மில்லியன் வெள்ளி கூடுதல் மூலதனம் ஒதுக்கச் சொன்னது. 2021 நவம்பர் தடைக்குப் பின் அது 930 மில்லியன் வெள்ளி. 2023 மார்ச், மே மாதத் தடைகளுக்குப் பின், முன்னதையும் சேர்த்து, சுமார் 1.6 பில்லியன். மே மாதத் தடைக்கு ஆணையம் சொன்ன காரணம், கணினிப் பராமரிப்புக்கென்று எழுதிய நிரலில் நேர்ந்த மனிதப் பிழை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை திரும்பத் திரும்ப வருகிறது: 2010இல் பராமரிப்பு, 2023 மே பராமரிப்பு, 2023 அக்டோபர் மேம்பாடு. நெருப்போ வெள்ளமோ எங்கும் இல்லை. ஆணையத்தின் விதிப்படி, முக்கியமான ஒரு கணினி அமைப்பு 12 மாதத்தில் மொத்தமாக 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் நிற்கக் கூடாது.

இந்த 4 மணி நேரத்தைச் சின்ன அலுவலகத்தின் பக்கம் திருப்பிப் பார்ப்போம். நகலாக்கம் தோற்றால் பலருக்கு முதலில் கை போவது "ரெப்ளிகாவை அழித்துவிட்டு மறுபடி போடு" என்பதில். 2 டிபி வட்டு, 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால், வேறு எதுவும் அந்தக் குழாயில் போகாவிட்டாலும் 44 மணி நேரம் ஆகும். அந்த 44 மணி நேரமும் கையில் நகலே இல்லை. பழைய நகல் மூன்று நாள் பின்தங்கியிருந்தால் என்ன, ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆகவே அழிக்காதே, மறு ஒத்திசைவையும் பகல் நேரத்தில் அமுக்காதே, வட்டு திணறி மூல விஎம்மும் நகரும் நத்தையாகிவிடும். முதலில் ஹைப்பர்-வியின் நிர்வாகப் பதிவேட்டில் முதல் தோல்வி எந்த நிமிடம் என்று பார். கடைசித் தோல்வி அல்ல, முதலாவது, மற்றதெல்லாம் எதிரொலி. அந்த நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலம், நகல், டொமைன் கன்ட்ரோலர், சான்றிதழின் காலாவதி நாள், ஃபயர்வால், காப்புப்பிரதி மென்பொருள் ஆறிலும் அதையொட்டி என்ன நடந்தது என்று தேடு. ஒரே ஒரு விஎம் மட்டும் நின்றிருந்தால் பதிவேட்டுக் கோளாறு, வட்டைப் பார். எல்லா விஎம்களும் ஒரே நொடியில் நின்றிருந்தால் நம்பிக்கைக் கோளாறு, வட்டைத் தொடாதே. நகலாக்க இணைப்பைச் சோதிக்க பவர்ஷெல்லில் தனிக் கட்டளையே இருக்கிறது. அது அனுமதி மறுப்பு என்று சொல்கிறதா, சர்வரை எட்ட முடியவில்லை என்கிறதா என்பதிலேயே பாதை இரண்டாகப் பிரிந்துவிடும்.

அப்டேட்டைக் கழற்றுவதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. கழற்றினால் ஓடுகிறது, ஆக அதுதான் குற்றவாளி என்று முடிப்பது எளிது. ஆனால் கெர்பரோஸ் போன்ற பாதுகாப்பு மாற்றங்களில் அது வாசலைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம். அடுத்த மாதத் தொகுப்பில் அதே மாற்றம் மறுபடி வரும். உற்பத்தியாளரே திரும்பப் பெற்றால் கதை வேறு. 2021 நவம்பரில் விஎம்வேர் தன் 7.0 அப்டேட் 3ஐ முழுதாகவே விலக்கிக்கொண்டு 2022 ஜனவரியில்தான் மறுபடி தந்தது. மற்றபடி, நகல் பக்கத்தில் முதலில் போட்டு, சில நாள் விட்டு மூலத்தில் போடுபவரே இதில் தப்புகிறவர்.

பச்சை விளக்கு மூன்றாவது, நான்காவது வகைகளைக் காட்டாது என்பதால், எழுப்பிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஹைப்பர்-வியில் இதற்கென்றே சோதனை மாற்றம் என்ற வசதி இருக்கிறது. நகலாக்கத்தை நிறுத்தாமல், நகலின் ஒரு பிரதியைத் தனி வலையில் எழுப்பும். பலர் அதை எழுப்பி, உள்நுழைவுத் திரை வந்ததும் படம் பிடித்துக் கோப்பில் போட்டுவிட்டு முடிக்கிறார்கள். உள்நுழைவுத் திரை யாருக்கும் பில் போட்டுத் தராது. தனி வலைக்குள் டொமைன் கன்ட்ரோலரின் நகலையும் சேர்த்து எழுப்பி, சாதாரண ஊழியர் ஒருவரின் கணக்கில் உள்ளே போய், கணக்கு மென்பொருளைத் திறக்க வேண்டும். பிறகு கல்லாவில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, "கடைசியாப் போட்ட பில் நம்பர் என்னண்ணே?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் எண்ணும் இங்கே திரையில் இருக்கும் எண்ணும் ஐந்து நிமிட வியாபாரத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு, அப்டேட் போட்ட மறுநாள் ஒரு அரை மணி நேரம் போதும்.